மூளையின் துடிப்பு ஏன் எகிறுவதில்லை, எப்போது எகிறுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், படிக்கப் படிக்க நரம்பிணைப்புகள் வலுக்கும் என்கிறார்கள். அப்படியே வலுத்துக்கொண்டு போனால் கட்டுக்கடங்காமல் போய்விடாதா?

பதில்: தடுக்க ஒன்றும் இல்லையென்றால் போய்விடும். வலுத்த இணைப்பு அடுத்த நரம்பணுவைக் (நரம்பு செல்லை) கூடுதலாகத் தூண்டும், அதனால் இன்னும் வலுக்கும். உடனடிக் கடிவாளம் காபா என்ற வேதிப்பொருள். பெருமூளைப் புறணியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அணுக்கள் காபாவைச் சுரந்து மற்றவற்றை அடக்குகின்றன. தூண்டல் ஏறினால் சில மில்லிசெகண்டில் அடக்கலும் ஏறும். அதற்குப் பின்னால் மெதுவான ஒரு சரிக்கட்டலும் நடக்கிறது. அணு தன் சராசரித் துடிப்பை, அதாவது மின் துடிப்புகளின் வேகத்தை, உள்ளே வரும் கால்சியத்தை வைத்து அறிந்து, இணைப்புகளில் தூண்டலை வாங்கிக்கொள்ளும் ஆம்பா ஏற்பிகளைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

கேள்வி: இதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பதில்: 1998-ல் நரம்பியல் ஆய்வாளர் ஜினா டுரிஜியானோவின் குழு தட்டில் வளர்த்த எலிப் புறணி அணுக்களில் பார்த்தது. பிக்குகுலின் என்ற மருந்தை ஊற்றி காபாவை முடக்கியதும் துடிப்பு எகிறியது. மருந்து தட்டில் இருக்கும்போதே, 48 மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது! டெட்ரோடாக்சின் என்ற நஞ்சால் துடிப்பை நிறுத்தியபோது இணைப்புகள் வலுத்தன, அதுவும் எல்லாம் ஒரே விகிதத்தில். 2, 4 என்றிருந்த வலு 3, 6 ஆகும். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு கலையாது. கற்றது அழியாமல் சத்தம் மட்டும் குறைவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: அம்மா நாலு வருஷமா பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரை சாப்பிடுறாங்க. டக்குனு நிறுத்தக் கூடாதாமே, ஏன்?

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரை காபாவின் பிடியை இறுக்குகிறது. நாளடைவில் மூளை அதை ஈடுகட்டுகிறது: காபா ஏற்பிகள் மந்தமாகின்றன, தூண்டும் பக்கம் வலுக்கிறது. மாத்திரை ஓரிரு நாளில் உடலைவிட்டுப் போய்விடும், ஈடுகட்டல் கலைய வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் நடுக்கம், வியர்வை, வலிப்பு எல்லாம் வருகின்றன. மருத்துவர் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5–10 சதவீதம் குறைத்துப் பார்ப்பார். நடுக்கம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். நெடுநாள் குடியைத் திடீரென விடுவதிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: வலிப்பு மருந்தே வலிப்பைக் கூட்டுமா?

பதில்: குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடும் வலிப்பு நோயான டிராவே நோய்க்குறியில் கூட்டும். அதில் பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ மரபணு பழுதாகியிருக்கும். அது உருவாக்கும் சோடியம் வாயிலை (சோடியத்தை உள்ளே விட்டுத் துடிப்பை எழுப்பும் துளையை) அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் அணுக்கள். கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து சோடியம் வாயில்களை அடைப்பதால், ஏற்கெனவே தளர்ந்த கடிவாளம் இன்னும் தளர்கிறது.

கேள்வி: பொட்டாசியத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. அணுக்களுக்கு வெளியே அது லிட்டருக்கு சுமார் 3 மில்லிமோல்தான் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கசியும், பக்கத்தில் துணைக்கு இருக்கும் விண்மீன் அணுக்கள் (ஆஸ்ட்ரோசைட்டுகள்) உறிஞ்சிக்கொள்ளும். வெளியே அது கூடினால் அணுக்கள் எளிதில் துடிக்கும். வலிப்பின்போது அது 10-ஐத் தாண்டுவதும் உண்டு.