நான்ஸ்டிக் ஆப்பச்சட்டியில் ஆப்பம் ஒட்டுவது ஏன்?

நாகர்கோவிலில் வாங்கிய நான்ஸ்டிக் ஆப்பச்சட்டி ஒரு வருடத்திலேயே ஒட்டுகிறது, பூச்சு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கீறலோ உரிதலோ கண்ணுக்குத் தெரியாவிட்டால் பெரும்பாலும் பூச்சு போயிருக்காது. தேங்காய் எண்ணெய் சூட்டில் இறுகிப் பழுப்பாகப் படிந்திருக்கும், அதில்தான் மாவு பிடிக்கிறது. அதே சட்டியில் சாளை மீனும் பொரித்தால் படிவு சீக்கிரமே ஏறும். மீனுக்கு இரும்புச் சட்டியே நல்லது.

தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து சட்டியில் சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறிய பிறகு பஞ்சால் தேய்த்தால் படிவு இளகும். கம்பி நாரும் தேங்காய் நாரும் வேண்டவே வேண்டாம். ஆப்பத்தை எடுக்க மரக்கரண்டி போதும்.

அப்புறம், முக்கியமான விஷயம். வெறும் சட்டியைப் பெரிய தீயில் விட்டுவிட்டு மாவு கலக்கப் போகாதீர்கள். சில நிமிடங்களிலேயே சூடு 260 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும், டெஃப்லான் பூச்சு சிதையத் தொடங்கும். சூடு இன்னும் ஏறினால் வரும் புகை லவ் பேர்ட்ஸ் போன்ற பறவைகளைக் கொன்றேவிடும். கூண்டு அடுக்களையில் இருந்தால் தயவுசெய்து இன்றே வெளியே மாற்றுங்கள்.

பூச்சு உரிந்து உலோகம் தெரிகிறதா? சரி, அந்தச் சட்டியை மாற்றிவிடுங்கள், சோடா அதற்கு உதவாது.