வேம்பு மருந்து வெயிலில் வீரியம் இழப்பதை நானோ துகள்கள் தடுக்குமா?

தடுக்கும், ஆனால் மருந்து எப்போது வெளிவர வேண்டும் என்பதையும் அவற்றைக் கொண்டே தீர்மானிக்க முடிவதுதான் பெரிய பயன். வேம்பின் பூச்சிகொல்லிப் பொருளான அசாடிராக்டின் புற ஊதாக் கதிர் பட்டால் விரைவில் சிதைந்துவிடும் என்பதால், அதை நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா நானோ துகள்களுக்குள் ஏற்றி, துளைகளின் வாயைப் பெக்டின் என்ற தாவரப் பசைப்பொருளின் படலத்தால் அடைக்கலாம். இலையோடு துகளையும் புழு தின்னும்போது, அதன் குடலில் பெக்டினேஸ் நொதி இருந்தால், அது படலத்தை அரித்து மருந்தைத் திறந்துவிடும். அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் பொதுவாகக் காரத்தன்மை மிக்கது என்பதால், காரத்தில் கரையும் பூச்சையும் சிலர் நாடுகிறார்கள். ஆனால் அசாடிராக்டினே காரத்தில் நிலைக்காது என்பதால், அதற்கு நொதித் திறப்பே பொருத்தம் என்பது என் கருத்து. இலையைத் தின்னாத நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இதனால் பாதிப்பு குறையக்கூடும். எனினும், துகள்கள் மண்ணில் சேர்ந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்களை என்ன செய்கின்றன என்பதைத் தனியே சோதிக்காமல் எதையும் வயலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது.