பரணில் கிடந்த கிட்டாருக்கு அறுபதாயிரம் ரூபாயா?

இசைக்கருவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய எலக்ட்ரிக் கிட்டார்களுக்குக் கேட்கப்படும் விலையைப் பற்றியவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தர எண்ணி, பழைய பொருட்கள் விற்கும் செயலியில் சில மாதங்களாகத் தேடிவருகிறேன். இந்தோனேசியாவில் செய்யப்பட்ட 2006ஆம் ஆண்டு ஸ்குவையர் (அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்துடைய மலிவு விலைக் கிட்டார் வரிசை) ஒன்றுக்கு மதுரை அண்ணா நகரில் ஒருவர் 26,000 ரூபாய் கேட்கிறார். கடையில் விசாரித்தால், ஏறக்குறைய அதே தரத்தில் புதியதே 20,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறார்கள். அவரிடம் இதைச் சொன்னால், "இது பழைய மரம், மற்றவர்கள் இதைவிட அதிகம் கேட்கிறார்கள்" என்கிறார். பழையது எப்படிப் புதியதைவிட விலை கூடும்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: செயலியில் நீங்கள் பார்ப்பவை விற்பவர்கள் கேட்கும் தொகைகளே தவிர, எவரும் கொடுத்து வாங்கிய தொகைகள் அல்ல. நியாயமான விலைக்கு வரும் கிட்டார் இரண்டொரு நாளில் கைமாறி, அதன் விளம்பரமும் நீக்கப்பட்டுவிடுகிறது. எவரும் தொடாத விலைக்கு வந்தது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஆகவே எந்த நாளில் எட்டிப்பார்த்தாலும் விலைபோகாத சரக்குதான் நம் கண்ணில் அதிகம் படும். புதிதாக விற்க வருபவரும் அந்தப் பட்டியலைப் பார்த்தே தம் விலையை வைக்கிறார். "மற்றவர்கள் இதைவிட அதிகம் கேட்கிறார்கள்" என்று அண்ணா நகர்க்காரர் சொல்வது பொய்யாக இருக்காது; ஆனால் அந்த மற்றவர்களும் இன்னும் விற்கவில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரிவெர்ப் போன்ற வெளிநாட்டுத் தளங்களில் உண்மையாகவே விற்று முடிந்த விலைகளையும் பார்க்க முடியும் என்றாலும், நம்மவர்கள் பெரும்பாலும் அங்கேயும் கேட்கும் விலையை எடுத்து, டாலர் மதிப்பால் பெருக்கி, கிடைத்த தொகையை அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

இந்த விலையேற்றத்தில் 2020ஆம் ஆண்டுக்கும் பங்கு உண்டு. ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் உலகெங்கும் கிட்டார் வாங்கத் தொடங்கியதில், ஃபெண்டர் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு அதுவரை காணாத விற்பனை நடந்தது. கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது பழையவற்றின் விலையும் ஏறியது. அப்படி ஏறிய விலையில் வாங்கியவர்கள் இன்று போட்ட பணத்தையாவது எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான் என்றாலும், அவர்களுடைய நட்டத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

ஆண்டைப் பொறுத்தவரை, கிட்டாரின் தலைப்பகுதியில் உள்ள வரிசை எண் ஐ.சி.எஸ். என்ற எழுத்துகளுடன் தொடங்கி, அடுத்து 06 என்று இருந்தால், இந்தோனேசியாவில் கோர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஸ்குவையருக்காக 2006இல் செய்யப்பட்டது என்று பொருள். விற்பவர் சொல்லும் ஆண்டு சரியா என்று பார்க்க இது உதவும். விலையைக் கூட்ட உதவாது. அந்த ஆண்டுகளில் இவ்வகைக் கிட்டார்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. மரம் முதிர முதிர நாதம் கூடும் என்பது மின்சாரம் இல்லாமல் மர உடலிலிருந்தே ஒலிக்கும் அகூஸ்டிக் கிட்டார்களைப் பற்றிப் பேசப்படும் வாதம். கட்டை உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருளான பிக்கப் வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிறது. அங்கே பிக்கப்பும் ஆம்பும் செய்கிற வேலைக்கு முன்னால் மரத்தின் வயது மிகச் சிறிய சங்கதி.

நான் பின்பற்றும் கணக்கு எளியது. அதே தரத்தில் இன்று கிடைக்கும் புதிய கிட்டாரின் விலையில் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பழுதுபார்க்க ஆகும் செலவைக் கழித்துவிடுங்கள். உங்கள் கணக்கில் அது 10,000 முதல் 12,000 ரூபாய்க்குள், அதுவும் கிட்டார் நல்ல நிலையில் இருந்தால் மட்டும். அண்ணா நகர் உங்களுக்குத் தொலைவு இல்லை என்பதால், பேசுவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

போகும்போது கேபிள் ஒன்றையும் கைப்பேசியில் டியூனர் செயலி ஒன்றையும் கொண்டுபோங்கள். கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதிதான் நெக்; அதன்மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் ஃப்ரெட்டுகள். முதலில் சுருதி சேர்த்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்தை ஒட்டிய ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் சரியாக இருக்கிறது. இடைவெளி அதற்கு மிகுந்தால் நெக் முன்பக்கமாக வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்பக்கமாக வளைந்திருக்கலாம். நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகி இவ்விரண்டையும் சரிசெய்துவிட முடியும், அந்தத் திருகு இன்னும் திரும்புகிற நிலையில் இருந்தால். அதன் உட்பள்ளம் தேய்ந்து சாவி வழுக்கினாலோ, தலைப்பகுதியிலிருந்து நெக் நெடுகப் பார்க்கும்போது கயிறு திரித்ததுபோல் முறுக்கம் தெரிந்தாலோ, விலையே பேசாமல் வந்துவிடுங்கள். மலிவு விலைக் கிட்டாரில் நெக் மாற்றும் செலவு கட்டுப்படியாகாது.

அடுத்து, நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். மொட்டை மாடி அறையில் மதுரை வெயிலைப் பல ஆண்டுகள் வாங்கிய நெக்கின் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும்; உலோகம் சுருங்காது என்பதால் ஃப்ரெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு ரம்பம்போல் விரலைக் கீறும். அரம் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் கூலி உண்டு. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அதற்கும் செலவு உண்டு. ஃப்ரெட்டுகளையே மாற்ற வேண்டிய நிலை என்றால் அந்தக் கூலி கிட்டாரின் மதிப்பையே நெருங்கிவிடும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், தொடர்புப் பகுதியைத் துடைக்கும் ஸ்ப்ரே போட்டால் பெரும்பாலும் போய்விடும். பேரத்தில் ஐந்நூறு ரூபாய் குறைக்க வேண்டுமானால் அது உதவும்.

கேள்வி: "ஜப்பானில் செய்த லாசூட் கிட்டார், 1994, கிடைப்பதற்கரியது" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். விலை 85,000 ரூபாய். லாசூட் கிட்டார் என்றால் என்ன?
– வாசகர், மேலூர்

பதில்: லாசூட் என்றால் ஆங்கிலத்தில் வழக்கு. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்காவின் கிப்சன் கிட்டார்களை அச்சு அசலாக நகலெடுத்து விற்றுவந்தன. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானின் இபானெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விநியோகித்த எல்ஜர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. தகராறு கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. அடுத்த ஆண்டே இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. நடந்தது அவ்வளவுதான். அதன்பின் எழுபதுகளின் ஜப்பானிய நகல் ஒவ்வொன்றையும், அந்த வழக்கில் சம்பந்தப்படாத நிறுவனங்கள் செய்தவற்றையும்கூட, லாசூட் கிட்டார் என்று சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. வழக்கு முடிந்து பதினாறு ஆண்டுகள் கழித்துச் செய்த கிட்டார் அதில் எப்படிச் சேரும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

ஜப்பான் என்ற பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. 1982 முதல் 1984 வரை மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, ஜே.வி. என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட ஸ்குவையர்களுக்கு இன்று நல்ல விலை உண்டு, அதற்குத் தகுதியும் உண்டு. ஆனால் அதே நாட்டில் ஆரம்ப நிலை மாணவர்களுக்காக மிக மலிவான கிட்டார்களும் நிறையச் செய்யப்பட்டன. தொழிற்சாலையும் மாடலும் தெரியாத வரையில், நாட்டின் பெயருக்கு மட்டும் 85,000 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் தந்தையார் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கீபோர்டு வந்தபின் அவருக்கு அழைப்புகள் குறைந்துவிட்டன. கிட்டாரும் பரணுக்குப் போய்விட்டது. அண்மையில் இறக்கிப் பார்த்தோம். தலைப்பகுதியில் கிவ்சன் என்று இருக்கிறது. இதைப் போன்ற ஒன்றை ஒருவர் "விண்டேஜ் கிப்சன்" என்று 60,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். நாங்கள் எவ்வளவு கேட்கலாம்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: கிவ்சன் கொல்கத்தாவைச் சேர்ந்த நிறுவனம், 1902இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் தொடங்கப்பட்ட கிப்சனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் ஊர்ப்பக்கத்து மேடைகளிலும் தேவாலயங்களிலும் பலர் கற்றுக்கொண்டது கிவ்சன் கிட்டாரில்தான் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மரியாதைக்கு விலை போட முடியாது. 60,000 ரூபாய் கேட்பவர் தலைப்பகுதியைச் சரியாகப் படிக்கவில்லை, அல்லது வாங்குபவர் படிக்க மாட்டார் என்று நம்புகிறார். அவரைப் பார்த்து நீங்கள் விலை வைத்தால், மேலே திருமங்கலத்து வாசகர் பார்த்த அந்த விற்காத பட்டியலில் உங்கள் தந்தையாரின் கிட்டாரும் சேர்ந்துவிடும்.

என் மதிப்பில், நன்றாக ஒலிக்கும் நிலையில் இருந்தாலும் அது சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. புதுக் கம்பி போட்டு, தூசி துடைத்து, ஆம்பில் இணைத்து ஒலிக்கிறதா என்று பார்த்தபின் படமெடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், தலைப்பகுதியின் இரு பக்கங்கள், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளின் நெருக்கமான படம், விரிசல் இருந்தால் அதுவும். உறைக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் பொடிந்து வார்னிஷில் ஒட்டியிருந்தால் சுரண்டாமல் ஈரத் துணியால் மெதுவாக எடுங்கள். தந்தையார் மேடையில் இந்தக் கிட்டாரோடு நிற்கும் புகைப்படம் இருந்தால் அதை விளம்பரத்தில் போட வேண்டாம். வாங்குபவர் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர மாட்டார். விற்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

கேள்வி: மாணவர்களுக்காகச் செய்த மலிவுக் கிட்டார்கள் சில பின்னாளில் பெரும் விலைக்குப் போனதாகப் படித்தேன். இப்போது பழைய மலிவுக் கிட்டார்களை வாங்கி வைத்தால் லாபம் வருமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஃபெண்டர் மஸ்டாங் 1964இல் மாணவர்களுக்கான கிட்டாராக வெளிவந்தது; நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் வாசித்த 1969ஆம் ஆண்டு மஸ்டாங் 2022இல் சுமார் 45 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மேசோனைட் என்ற அழுத்திய மரநார் அட்டையை மரச் சட்டத்தில் பொருத்தி, லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப்பை வைத்துச் செய்த டேனெலெக்ட்ரோ கிட்டார்களையும் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ஆனால் இவற்றின் விலையை ஏற்றியவர்கள் இவற்றை வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் கிட்டாரை அப்படி யார் வாசிக்கப்போகிறார்கள் என்பது இன்று எவருக்கும் தெரியாது. லாபம்தான் நோக்கம் என்றால் அஞ்சலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்குவையர் II என்று தலைப்பகுதியில் எழுதியிருக்கும் கிட்டாரை, "இந்தியாவில் செய்யப்பட்ட அபூர்வ ஃபெண்டர்" என்று 45,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். இந்தியாவில் ஃபெண்டர் செய்தார்களா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: செய்தார்கள். 1980களின் இறுதியில் ஸ்குவையர் II வரிசையில் ஒரு பகுதி இந்தியாவிலும், மற்றொரு பகுதி கொரியாவிலும் செய்யப்பட்டது. ஃபெண்டர் விலைக்கு வாங்கியிருந்த சன் என்ற ஆம்பிளிஃபயர் நிறுவனத்தின் பெயரில் வந்த சன் மஸ்டாங் கிட்டார்களும் இந்தியாவில் செய்யப்பட்டவையே. ஆகவே விற்பவர் சொல்வதில் நாடு சரி, அபூர்வம் என்ற சொல்லே மிகை. இவை அப்போதே விலைப்பட்டியலின் அடிவரிசையில் இருந்த கிட்டார்கள், இன்றும் அப்படியே மதிக்கப்படுகின்றன. நம் நாட்டில் செய்தது என்ற ஆசையில் ஒன்று வைத்துக்கொள்ள விரும்பினால் தவறில்லை. முதல் பதிலில் சொன்ன கணக்கைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: என் பழைய கிட்டாருக்குப் புதிய பிக்கப், டியூனிங் கீ எல்லாம் போட்டு 14,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன். விற்கும்போது அதைச் சேர்த்துக் கேட்கலாமா?
– வாசகர், தல்லாகுளம்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. கழற்றிய பழைய பாகங்கள் கைவசம் இருந்தால் அவற்றைத் திரும்பப் பொருத்தி, புதியவற்றைத் தனியே விற்றுவிடுங்கள். அதில்தான் ஓரளவு பணம் திரும்பும்.

கேள்வி: சென்னையிலுள்ள ஒருவர் நல்ல விலைக்கு ஒரு கிட்டார் தருகிறார். ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுவதாகவும், அதற்கு முன்பணம் அனுப்பும்படியும் சொல்கிறார். அனுப்பலாமா?
– வாசகர், சிம்மக்கல்

பதில்: கிட்டாரைப் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். சென்னையில் உறவினரோ நண்பரோ இருந்தால் நேரில் போய் வாசித்துப் பார்த்து, அங்கேயே பணம் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பொருள் விற்கும்போது எவராவது கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, "ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்" என்றால், அது மோசடி; பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை அழுத்தவோ தேவையே இல்லை. நண்பர் வாங்கிப் பார்சல் போடுவதாக இருந்தால், கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதியின் அடியிலும் பின்புறத்திலும் பழைய துணியைக் கெட்டியாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். மாட்டுத்தாவணியில் பார்சலை எடுக்கும்போது அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.