பாரிஸ்டரின் இரு துறைகள் – கடிதம்

வணக்கம். சட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு மாணவன். லண்டன் பாரிஸ்டர்கள் பலரின் அறிமுகக் குறிப்பில் பொதுச்சட்டம், வணிகச் சட்டம் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். ஒன்று அரசுக்கு எதிரான ரிட், மற்றது கம்பெனிகளின் பணத் தகராறு. ஒரே ஆள் இரண்டிலும் தேற முடியுமா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா?

ச.

அன்புள்ள ச.,

தேற முடியும். முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது, அதை அவர் முறையாகப் பயன்படுத்தினாரா என்ற கேள்வி இரண்டு துறையிலும் வருகிறது.

பிரகன்சா வழக்கைப் பாருங்கள். 2009 மே மாதம் வட அட்லாண்டிக்கில், பி.பி. எண்ணெய்க் கப்பலின் தலைமைப் பொறியாளர் பிரகன்சா காணாமல் போனார். தற்கொலை என்று கம்பெனி முடிவுகட்டியது. அவர் தானே தேடிக்கொண்ட மரணம் என்று கம்பெனி கருதினால், வேலை ஒப்பந்தப்படி குடும்பத்துக்குப் பணம் கிடையாது. மனைவி வழக்குத் தொடுத்தார். 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 3-2 என அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொருத்தமானவற்றைக் கணக்கில் எடுத்தார்களா, பொருத்தமற்றதை ஒதுக்கினார்களா என்று அரசு அதிகாரியிடம் கேட்கும் கேள்விகளைத் தனியார் கம்பெனியிடமும் கேட்டது. தற்கொலை என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம் வேண்டும் என்றது. அரசு அதிகாரிக்கான அந்தக் கேள்விகள், ஒரு சினிமா கொட்டகையின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி உரிமம் பற்றி 1947-ல் வந்த வெட்னஸ்பரி தீர்ப்பின் அளவுகோல்.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஈரானின் பேங்க் மெல்லத் மீது பிரிட்டிஷ் நிதியமைச்சகம் 2009-ல் போட்ட தடையை 2013-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு விவகாரம் நஷ்டஈட்டு வழக்காக வணிக நீதிமன்றத்துக்குப் போனது.

ஆனால் நடைமுறை வேறு, சறுக்குவது அங்கேதான். ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. அரசின் முடிவை எதிர்க்கும் நீதித்துறை மறுஆய்வு மனுவைத் தாமதமின்றிப் போட வேண்டும், எப்படியும் 3 மாதத்துக்குள். நகரமைப்பு அனுமதியை எதிர்த்தால் 6 வாரம்தான். வணிக வழக்கில் காலக்கெடுவை நிறுத்திவைக்க இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பேசலாம். மறுஆய்வில் இரு தரப்பும் சம்மதித்தாலும் கெடு நீளாது. மனுவுக்கு முந்தைய கடிதப் போக்குவரத்தும் அதை நிறுத்தாது. வணிக வழக்குப் பழக்கத்தில் பேச்சுவார்த்தையை இழுத்தால் வழக்கே போய்விடும்.

சாட்சியமும் அப்படித்தான். வணிக வழக்கில் மின்னஞ்சல்களைக் குவியல் குவியலாகப் புரட்டி, நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். மறுஆய்வு பெரும்பாலும் காகிதத்திலேயே முடியும், குறுக்கு விசாரணை அபூர்வம். வென்றாலும் முடிவு ரத்தாகி அதே அதிகாரியிடம் திரும்பலாம். முறைப்படி யோசித்து அவர் பழையதையே மறுபடி எழுதலாம். பணம் எதிர்பார்த்து வரும் கட்சிக்காரருக்கு இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொழில் பாதை: பாரிஸ்டருக்கான 12 மாதப் பயிற்சியில் பிந்தைய 6 மாதம் கோர்ட்டில் நிற்கலாம். அதன்பின் அட்டர்னி ஜெனரலின் வழக்கறிஞர் பட்டியல், அதாவது அரசுக்காக வாதாடுபவர்களின் பட்டியல். 'சி' பட்டியலுக்குக் குறைந்தது 2 ஆண்டு அனுபவம், 'பி'-க்குச் சுமார் 5, 'ஏ'-க்குச் சுமார் 10. அதில் இருந்தபடியே வேறு வழக்குகளில் அரசுக்கு எதிராகவும் வாதாடுகிறார்கள்.

பொதுச்சட்டத்தில் ஆர்வம் இருந்தாலும், முதல் சில ஆண்டுகளில் சிறிய வணிக வழக்குகளை விடாதீர்கள். குறுக்கு விசாரணை அங்கேதான் கைவரும். பிரகன்சா தீர்ப்பில், மாறுபட்ட இரு நீதிபதிகளின் கருத்தையும் தவறாமல் படியுங்கள்.