பிரேக் போட்டும் நகரும் வீல்சேர்: முதலில் டயரைப் பாருங்கள்

பிரேக்கை மாற்ற வேண்டாம், முதலில் பெரிய டயர் இரண்டுக்கும் காற்று அடியுங்கள். ஏற்காட்டு வீட்டு வாசல் சரிவில், பிரேக் போட்ட பிறகும் அம்மாவின் வீல்சேர் மெல்ல இறங்குகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காற்றுக் குறைவுதான் காரணம், ஏனென்றால் லீவரைத் தள்ளும்போது சின்ன இரும்புத் துண்டு ஒன்று டயர் மேலேயே அழுந்தித்தான் சக்கரத்தை நிறுத்துகிறது, டயர் தளர்ந்தால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும்.

கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எளிதாக அமுங்கினால் காற்று போதாது. எவ்வளவு அடிக்கணும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும், சைக்கிள் கடையில் அதைக் காட்டுங்கள்.

அப்புறம் சமதரையில் காலி நாற்காலிக்குப் பிரேக் போட்டுத் தள்ளுங்கள். சக்கரம் சுழலவே கூடாது. சுழன்றால், பிரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, டயர் பக்கமாகத் துளி நகர்த்தி மறுபடி முடுக்குங்கள். ரொம்ப நெருக்கினால் அம்மாவால் லீவரைத் தள்ள முடியாது. காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயர் என்றால் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், அதற்கும் இதே சரிசெய்தல்தான்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். எல்லாம் சரியானாலும் அந்தச் சரிவில் அம்மாவைத் தனியாக நிறுத்தாதீர்கள், பனியிலும் மழையிலும் டயர் நனைந்தால் பிடி குறையும். இந்த பிரேக் வீல்சேர் நின்றிருக்கும்போது மட்டும் போடுவது, சரிவில் இறங்கும்போது வேகம் குறைக்க அதை இழுக்கவே கூடாது. செங்குத்தான சரிவில் அம்மா மேட்டைப் பார்த்திருக்க, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று கைப்பிடியை விடாமல் பின்னோக்கி இறக்குங்கள்.