எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?

கேள்வி: எங்கள் வீடியோ எடிட்டிங் கடையில் லினக்ஸ் கம்ப்யூட்டரோடு ஒரு வெளிப் பெட்டியை யுஎஸ்பி-யில் இணைத்திருக்கிறோம். உள்ளே நான்கு 4 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5. அமைத்துக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. 'டிகிரேடட்' (ஒரு டிஸ்க் குறைவாக ஓடுகிறது) என்று வருகிறது, எப்போதிலிருந்து என்றே தெரியவில்லை. மவுஸ் வைத்துப் பார்க்க எதுவும் கிடையாது, கட்டளை மட்டும்தான். எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?

பதில்: எதையும் கழற்றாதீர்கள். ரெய்டு 5 என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை, ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போச்சு. நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் அந்த இரண்டாவது நீங்களே உண்டாக்கியது ஆகிவிடும். முதலில் இழக்க முடியாத வேலைகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, நகல் எடுத்தாச்சா? 'ப்ராக்' அடைவில் 'எம்டிஸ்டாட்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குள் நான்கு 'யு' இருக்க வேண்டும், ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த இடம் காலி. ரெய்டை நிர்வகிக்கும் 'எம்டிஏடிஎம்' (mdadm) கட்டளையை 'டீடெய்ல்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் எந்தெந்த டிஸ்க் இன்னும் வேலை செய்கிறது என்று பெயரோடு சொல்லும். ஆனால் எஸ்டிபி, எஸ்டிசி என்ற அந்தப் பெயர்களை நம்பிப் பெட்டியில் கை வைக்கக் கூடாது, மறுபடி இயக்கினால் அவை இடம் மாறலாம். மாறாதது சீரியல் எண்தான். டிஸ்க்கின் விவரத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல்' (smartctl) கட்டளை மூலம், நன்றாக இருக்கும் மூன்றின் சீரியல் எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு, பெட்டியை அணைத்து, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிள்களோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத நான்காவதுதான் நீங்கள் தேடுவது.

அதுவும் நிஜமாகவே கெட்டதா என்று பாருங்கள். யுஎஸ்பி இணைப்பு ஒரு நொடி விட்டுப் பிடித்தாலும் டிஸ்க் ரெய்டிலிருந்து வெளியே தள்ளப்படலாம், 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை காட்டும் பதிவில் அந்தத் தடம் இருக்கலாம். அப்படியானால் 'எம்டிஏடிஎம்'-இல் 'ரீ-ஆட்' (அதே டிஸ்க்கை மறுபடி சேர்ப்பது) போதும், ரெய்டில் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் இடையில் மாறிய பகுதி மட்டும் ஒத்திசையும். டிஸ்க்கே செத்திருந்தால் அதே அளவோ பெரியதோ வாங்கி, பழையதில் இருந்ததுபோல் பார்ட்டிஷன் போட்டு, 'ஆட்' கொடுங்கள். மீதி மூன்றையும் முழுக்கப் படித்துத்தான் அது நிரம்பும், குறைந்தது ஏழெட்டு மணி நேரம். பல சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்றுதான் போட்டிருக்கும், நீங்கள் படிக்கப் போவதோ 12. நடைமுறையில் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை, ஆனாலும் நகலை முதலில் எடுக்கச் சொன்னது இதனால்தான்.

ரெய்டைப் புதிதாக உண்டாக்கும் 'கிரியேட்' கட்டளையை மட்டும் தொடவே தொடாதீர்கள். இணையத்தில் யாரோ அதைக் கொடுத்துப் பிழைத்த கதை கிடைக்கும். டிஸ்க் வரிசையோ துண்டு அளவோ கொஞ்சம் பிசகினாலும் உங்கள் வீடியோக்கள் திரும்பாது.

எல்லாம் முடிந்ததும் 'எம்டிஏடிஎம்'-இன் அமைப்புக் கோப்பில் 'மெயில்-ஏடிடிஆர்' (MAILADDR) வரியில் உங்கள் மின்னஞ்சலை எழுதி, 'மானிட்டர்' கட்டளையை 'டெஸ்ட்' விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டிக் கடிதம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்த டிஸ்க் போனால் அன்றே தெரியும்.