வாசகர் கேள்வி – பதில்: வில்பத்துவின் வில்லுகளைக் காணச் செல்வோருக்கு

கேள்வி (யாழ்ப்பாண வாசகர் ஒருவர்): குடும்பமாக வில்பத்து தேசியப் பூங்காவுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அங்குள்ள நீர்நிலைகளை வில்லு என்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே புதிதாகக் காண என்ன இருக்கிறது?

பதில்: வன்னியிலும் அநுராதபுரத்திலும் நாம் காணும் குளங்கள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. அவற்றுக்குக் கட்டு உண்டு, நீரைத் திறந்துவிடத் துருசு உண்டு, மேலதிக நீர் வழிந்தோட வான் உண்டு. வில்லுக்கு இவை எதுவும் இல்லை. மணற்பாங்கான தாழ்நிலத்தில் இயல்பாக அமைந்த ஆழமற்ற பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்பதே வில்லு. ஆகையால் ஒரே வில்லு மாரியில் பரந்த ஏரியாகவும், கோடையின் முடிவில் நடுவே சிறிது சேறும் நீரும் மட்டும் எஞ்சிய புல்வெளியாகவும் தோன்றும்.

ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தப் பூங்காவில் வில்லுகளும் குளங்களுமாக அறுபதளவில் உள்ளன. காளி வில்லு, கொக்கரி வில்லு, நெலும் வில என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. 1905ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இவ்விடம், போர்க்காலத்தில் 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. பின்னர் மீண்டும் மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. இதனால் வடக்கில் ஒரு தலைமுறையே இதைப் பாராமல் வளர்ந்துவிட்டது என்பதையும், இந்த நீர்நிலைகளின் பெறுமதியை உணர்ந்து 2013இல் இவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

புதிதாகக் காண என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என நெருங்கி வளர்ந்த காட்டின் நடுவே, இருபுறமும் கிளைகள் உரசும் ஒடுங்கிய மணல் பாதையில் நெடுநேரம் சென்றபின், திடீரென வானம் திறந்து ஒரு வில்லு கண்ணில் படும். காட்டின் விளிம்பில் இருந்து நீர் வரைக்கும் குட்டையான புல் வளையமாகச் சுற்றி நிற்க, அந்தப் புல்லில் புள்ளிமான்கள் மேயும், கரையோரத்தில் முதலை வாயைத் திறந்தபடி வெயில் காயும். அடர்ந்த காட்டுக்குள் கண்ணுக்கு எட்டாத விலங்குகள் வெளியே வந்து தம்மைக் காட்டும் இடம் பெரும்பாலும் இந்த நீர்க்கரைதான்.

கேள்வி (வவுனியா வாசகி ஒருவர்): பிள்ளைகளுக்கு ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. இவற்றுள் எதைத் தெரிவு செய்வது?

பதில்: விலங்குகளைக் காண்பதே முதன்மை நோக்கம் என்றால் ஓகஸ்ட் மாதத்தையே பரிந்துரைப்பேன். மே முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை அங்கே வறட்சிக்காலம். சிறிய நீர்க்குழிகள் வற்றி, வற்றாத சில வில்லுகளைத் தேடி யானை, மரை, எருமை, பன்றி யாவும் வருவதால், பொறுமையுடன் காத்திருப்பவர்களுக்கு அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். ஓகஸ்டில் நடக்கும் மடு மாதா திருவிழாவுக்குச் செல்வோர் அப்பயணத்துடன் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்நாட்களில் தங்குமிடத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிடுங்கள்.

கரடியைக் காணும் ஆசை இருந்தால் இன்னும் சற்று முந்த வேண்டும். பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கரடிகள் பழத்துக்காகப் பாலை மரங்களில் ஏறுவதும், அடியில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கித் தின்பதும் உண்டு. சிறு வயதில் பாலைப்பழப் பாலில் உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் காட்சி தனி நெருக்கத்தைத் தரும் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையால் பாதைகள் சேறாகும், விலங்குகளுக்கு எங்கும் நீர் கிடைப்பதால் அவை கலைந்து போகும். ஆனால் நீர்நிலைகளுக்காகவே செல்வோர் மழை ஓய்ந்தபின் போனால், நிரம்பிய வில்லுகளையும் வலசைப் பறவைகளையும் காணலாம்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர் ஒருவர்): சென்ற ஆண்டு வில்பத்துவுக்குச் சென்றோம். ஜீப் சாரதி சிறுத்தையைத் தேடி ஒவ்வொரு நீர்நிலையாக விரைந்தார். இறுதியில் சிறுத்தையும் தென்படவில்லை, வேறெதையும் ஒழுங்காகப் பார்க்கவும் இல்லை. மறுமுறை எவ்வாறு திட்டமிடலாம்?

பதில்: உங்கள் ஏமாற்றம் பலருக்கும் பொதுவானது. இதில் சாரதியை மட்டும் குறை கூறுவது முறையன்று. சிறுத்தையைக் காட்டினால்தான் பயணிகள் மனநிறைவு அடைவார்கள் என்று அவர் எண்ணும்படி நாமே நடந்துகொள்கிறோம். எங்கோ சிறுத்தை தென்பட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்ததும் ஜீப்புகள் ஒரே இடத்தில் குவிவது அந்த விலங்குக்கும் நல்லதன்று.

ஆகவே புறப்படும் முன்னரே சாரதியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இரண்டு அல்லது மூன்று வில்லுகள் போதும், ஒவ்வொன்றிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். அரை நாள் பயணத்தில் இது கடினம், முழு நாளுக்கு ஒழுங்கு செய்வதே நல்லது. காலையில் வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே சென்றுவிட்டால் வெயில் ஏறும் முன் முதல் வில்லை அடையலாம்.

இயந்திரம் நின்று முதற் சில நிமிடங்களுக்கு எதுவும் நடவாததுபோல் இருக்கும். பிறகு கண் பழகும். நீரில் மிதக்கும் கட்டை என்று நினைத்தது முதலையாகும். மஞ்சள் மூக்கு நாரை, அலகைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தி, இருபுறமும் அசைத்தபடி மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் பார்வையால் அன்றித் தொடுகையால் இரை பிடிக்கும் இந்த முறையை, ஓடும் ஜீப்பில் இருந்து ஒருபோதும் பார்க்க முடியாது. நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் அருகில் நின்றால் தொலைநோக்கி இன்றியே காணலாம். சிறுத்தை வருவதானாலும் அறிவிப்பு முன்னே வரும். மரத்தில் இருக்கும் மந்தி இருமுவதுபோல் கத்தும், மான் கூரிய குரலில் கூவும், மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் ஒரே திசையை நோக்கித் தலையுயர்த்தும். அந்த வேளையில் அமைதியாகக் காத்திருப்பவர்களே பெரும்பாலும் சிறுத்தையைக் காண்கிறார்கள்.

குதிரைமலையையும் அதே நாளில் பார்த்துவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. கடலோரத்தில் உள்ள அந்தச் செம்மண் மேடும், அல்லி அரசாணி பற்றி அங்கே வழங்கும் கதையும் ஈர்ப்பானவை என்பது உண்மை. ஆயினும் அங்கு போய்வர நாளின் பெரும்பகுதி பாதையிலேயே கழிந்துவிடும் என்பதால், வில்லுகளுக்கு என்று வருபவர் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வதே என் ஆலோசனை.

கேள்வி (மன்னார் வாசகி ஒருவர்): முழங்கால் நோவுள்ள என் அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா? வில்லில் இறங்கிக் கால் நனைக்க முடியுமா?

பதில்: கால் நனைக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட சில இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது. அமைதியாகத் தெரியும் நீரில் முதலைகள் இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் முன்னரே சொல்லிவையுங்கள்.

அம்மாவைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். நடக்க வேண்டிய தேவை இல்லாததால் முழங்காலுக்குப் பெரிய தொல்லை இராது. ஜீப்பில் ஏறி இறங்குவதும் பாதையின் குலுக்கலும்தான் சிரமம். ஏறுவதற்குச் சிறிய முக்காலி ஒன்றைக் கொண்டு போங்கள், பின்வரிசையில் குலுக்கல் கூடுதல் என்பதால் சாரதிக்கு அடுத்துள்ள இருக்கையை அவருக்குக் கொடுங்கள். கழிப்பிட வசதி குறைவாதலால், வாயிலிலேயே அதனை முடித்துக்கொண்டு, இடையில் எங்கே நிறுத்தலாம் என்று உடன் வரும் வழிகாட்டியிடம் கேட்டு வையுங்கள். உங்கள் சொந்த வானில் உள்ளே செல்ல எண்ண வேண்டாம், மணலில் சில்லு புதைந்துவிடும். குடிநீரைப் போத்தலிலும் உணவை மூடியுள்ள பாத்திரத்திலும் எடுத்துச் சென்று, வெறும் பைகள் உட்பட அனைத்தையும் திரும்பக் கொண்டு வாருங்கள். வில்லில் நீர் வெளியேற வழி இல்லாததால், அதில் விழும் பொலித்தீன் அங்கேயே தங்கி, அடுத்த கோடையில் நீர் வற்றும்போது மான் மேயும் புல்லில் கிடக்கும்.